பார்லோ வீட்டிலிருந்து பஞ்சாபகேசன் மகன் எழுதுவது

17, பார்லோ ரோடு,
நியூ ஜெர்சி.
14 அக்டோபர் 2025

சிரஞ்சீவி மணியனுக்கு உன் அத்திம்பேர் வெங்கடகிருஷ்ணன் அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நான், உன் மருமான் கௌசிக், நாட்டுப்பெண் அதிதி, குழந்தை தாரிகா எல்லோரும் க்ஷேமம். க்ஷேமம் என்பதில் சந்தேகம் ஒன்றுமில்லை. இந்த எல்லோரும் யார் என்பதில்தான் எனக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. நங்கநல்லூரில் நீயும் பர்வதமும் சௌக்கியமாகவும், அதைவிட முக்கியமாக நீங்களாகவும் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

வாட்ஸ்அப் இருக்கும்போது இந்த மனுஷருக்கு ஏன் பேப்பரும் பேனாவும் என்று நீ பர்வதத்திடம் சொல்லிச் சிரிப்பாய். சிரி. ஆனால் அவளைத் தவிர வேறு யாரிடமும் இந்தக் கடிதத்தைக் காட்டாதே. இந்த வீட்டில் ஹாலில் ஒன்று, சமையலறையில் ஒன்று, என் அறையில் ஒன்று என்று மூன்று பேசும் டப்பாக்கள் இருக்கின்றன. மழை வருமா என்று கேட்டால் சொல்லும், சஹஸ்ரநாமம் போடு என்றால் போடும். எனக்கும் அதற்கும் நல்ல பழக்கம்தான். போன வாரம் மத்தியானம் பொழுது போகாமல், "நான் யார் சொல்லு பார்க்கலாம்" என்று இங்கிலீஷில் கேட்டு வைத்தேன். கொஞ்ச நேரம் நீல விளக்கு சுற்றிச் சுற்றி வந்தது. அப்புறம், "நீங்கள் பார்லோ குடும்பத்தில் ஒருவர்" என்றது. அன்றிலிருந்து அதன் எதிரில் நான் வாயைத் திறப்பதில்லை. போனும் கௌசிக்கின் கணக்கில்தான் ஓடுகிறது, அதனால் அதையும் நம்புவதற்கில்லை.

முதலில் பெயர் விவகாரத்தைச் சொல்லிவிடுகிறேன். நமக்கெல்லாம் பெயர் ஒன்று, முன்னால் அப்பா பெயருக்கு ஓர் எழுத்து, அவ்வளவுதான். ப. வெங்கடகிருஷ்ணன் என்று முப்பத்தோரு வருஷம் பத்திரப் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டவன் நான். இங்கே அந்த ஓர் எழுத்து போதாது. கடைசிப் பெயர் என்ன, குடும்பப் பெயர் என்ன என்று எல்லாப் பாரத்திலும் ஒரு கட்டம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். அப்பா பெயரை விரித்து எழுதினேனா, அன்று முதல் இந்த ஊரில் நான் மிஸ்டர் பஞ்சாபகேசன். மருந்துக் கடையில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது நான் எழுந்திருக்கவில்லை, திரும்பி வாசலைப் பார்த்தேன். அப்பா போய் முப்பத்தாறு வருஷமாகிறது, மணியா. குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வரப் போகிறார் என்று ஒரு நிமிஷம் நிஜமாகவே நினைத்தேன். கௌசிக்குக்குக் கடைசிப் பெயர் வெங்கடகிருஷ்ணன், அதாவது நான். அதிதிக்கு அவள் அப்பா பெயர், அச்சுதன். குழந்தைக்கு அவள் அப்பா பெயர், கௌசிக். ஒரு வீட்டில் நாலு பேர், நாலு குடும்பப் பெயர். வீட்டை அறை அறையாக வாடகைக்கு விட்டிருக்கிறார்கள் என்று தபால்காரர் முதல் மாதம் நினைத்தாராம்.

பிளெய்ன்ஸ்பரோ அபார்ட்மெண்டில் இருந்தவரைக்கும் இது ஒரு பிரச்சினையாக இல்லை. அங்கே லிஃப்டில் ஏறினால் நாலில் மூன்று பேருக்கு நம்மைப் போலத்தான். போன வருஷம் கௌசிக் அங்கிருந்து இருபது நிமிஷத் தூரத்தில், இந்தப் பழைய சின்ன ஊரில், இந்தப் பழைய பெரிய வீட்டை வாங்கினான். மர வீடு, மாடிப்படி நாம் ஏறி முடித்த பிறகும் இரண்டு தடவை கிறீச்சிடும். எடித் பார்லோ என்று ஒரு கல்யாணமாகாத கிழவி தொண்ணூற்றாறு வயதுவரை இருந்து விற்றுவிட்டுப் போன வீடு. ஊரில் யாருக்கும் பதினேழாம் நம்பர் என்றால் தெரியாது, பார்லோ வீடு என்றால் நாய்கூட வழி காட்டும். தெரு பார்லோ ரோடு. தெருக்கோடியில் பார்லோ நூலகம். அதற்குப் பின்னால் பார்லோ இடுகாடு. அதைத் தாண்டினால் பார்லோ குளம். குழந்தை படிப்பது பார்லோ எலிமெண்டரி ஸ்கூல். போக்குவரத்து விளக்கு ஒன்றுதான் இருக்கிறது, அதற்கும் பார்லோ விளக்கு என்றுதான் பெயர். நம்மூரில் கட்சித் தலைவர்கள் பெயரைக்கூட இப்படி வைத்ததில்லை.

முதலில் எனக்கு இது வேடிக்கையாகத்தான் இருந்தது. காபிக் கடையில் வெங்கடகிருஷ்ணன் என்று சொன்னால் அந்தப் பெண் கப்பின் மேல் எழுதத் தொடங்கி, இடம் போதாமல் அடிப்பக்கம் திருப்புகிறாள் என்று கௌசிக் சும்மா பார்லோ என்று சொல்ல ஆரம்பித்தான். பீட்ஸாவுக்கும் அதே பெயர். பிளம்பருக்கும் அதே. பக்கத்து வீட்டுக்காரர் என்னைப் பார்த்து "குட் மார்னிங் மிஸ்டர் பார்லோ" என்பார். மூன்று நாள் திருத்தினேன். நாலாம் நாள் கையை மட்டும் தூக்கினேன். பிறகு ஒரு நாள் காபிக் கடையில் "பார்லோ!" என்று கூப்பிட்டார்கள், நான் எழுந்து போய் வாங்கிக்கொண்டு வந்து பாதி குடித்த பிறகுதான், அன்றைக்கு நான் தனியாக வந்திருக்கிறேன், யாரிடமும் பெயர் சொல்லவில்லை, காபியும் இன்னும் கேட்கவில்லை என்பது ஞாபகம் வந்தது. சர்க்கரை இல்லாமல் எனக்குப் பிடித்த மாதிரியே இருந்தது. அதே வாரம் காது மிஷின் விளம்பரம் ஒன்று தபாலில் வந்தது. மேலே வி. பார்லோ, வயது எழுபத்துநாலு என்று அச்சடித்திருந்தது. இடது காது மந்தம் என்பதை நான் இதுவரை டாக்டரிடம்கூடச் சொன்னதில்லை, உனக்குத்தான் இப்போது முதன்முதலாகச் சொல்கிறேன்.

நூலகத்தில் ஒரு கண்ணாடி அலமாரிக்கு மேல் 'புகழ்பெற்ற பார்லோக்கள்' என்று எழுதி, வரிசையாகப் படம் மாட்டியிருக்கிறார்கள். நீதிபதி பார்லோ, கர்னல் பார்லோ, பீச் மரத்துக்கு வந்த நோயைத் தீர்த்த பார்லோ, நீச்சல் போட்டியில் நாலாவதாக வந்த பார்லோ. நான் நீதிபதி படத்துக்கு எதிரில் நின்றுவிட்டேன். மீசை, கோட்டு எல்லாம் வேறு. ஆனால் அந்தக் காது! மேல் நுனி கொஞ்சம் மடங்கின காது. என் அப்பா காது, மணியா. எனக்கும் அதுதான், கௌசிக்குக்கும் அதுதான். நூலகத்து அம்மாள் பக்கத்தில் வந்து, நீங்கள் பார்லோவா என்று கேட்டார். இல்லையில்லை, அந்த வீட்டில் குடியிருக்கிறேன், அவ்வளவுதான் என்றேன். "எல்லோருக்கும் அப்படித்தான் ஆரம்பம்" என்று சொல்லிவிட்டு, சிரிக்காமல், புத்தகங்களை அடுக்கப் போய்விட்டார். வீட்டுக்கு வந்தால் தாரிகா ஸ்கூலுக்காக ஃபேமிலி ட்ரீ வரைந்துகொண்டிருக்கிறாள். அவள், அதற்கு மேல் கௌசிக், அதற்கு மேல் நான், எனக்கு மேல் அந்த நீதிபதி.

"இது யாரும்மா? இங்கே கொள்ளுத்தாத்தா பஞ்சாபகேசன்னா இருக்கணும்?"

"ஐ நோ தாத்தா. பட் ஹி லுக்ஸ் லைக் யூ."

அவளுக்கு ஒன்பது வயது. பொய் சொல்லத் தெரியாத வயது.

எனக்குத் தெரிந்த தொழில் ஒன்றே ஒன்றுதான், வில்லங்கம் பார்ப்பது. ஒரு மழைச் சனிக்கிழமை குழந்தையின் ஐபேடை வாங்கி வைத்துக்கொண்டு, கவுண்டி, அதாவது ஜில்லாப் பதிவேட்டில் இந்த வீட்டின் மூலப் பத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்தேன். எல்லாம் இருக்கிறது, சுத்தமாக ஸ்கேன் பண்ணி வைத்திருக்கிறார்கள். முதல் பார்லோ 1838-இல் கட்டினார், வாரிசு இல்லை. அவர் காலத்துக்குப் பிறகு எழுதி வாங்கியவர் ஷ்மிட். சரி. அடுத்த பத்திரத்தில் எழுதிக் கொடுத்தவர் ஷ்மிட் என்றுதானே இருக்க வேண்டும்? பார்லோ என்றிருக்கிறது. நடுவில் விற்பனை இல்லை, தானம் இல்லை, பாகப்பிரிவினை இல்லை. அவரிடம் எழுதி வாங்கியவர் ஓ'டூல். முப்பத்துமூன்று வருஷம் கழித்து எழுதிக் கொடுத்தவர் பார்லோ. எழுதி வாங்கியவர் கொவால்ஸ்கி, எழுதிக் கொடுத்தவர் பார்லோ. எழுதி வாங்கியவர் எஸ்போசிட்டோ, கடைசியில் எழுதிக் கொடுத்தவர் அவர் மகள் மிஸ் எடித் பார்லோ. கையெழுத்துகளை ஒப்பிட்டுப் பார்த்தேன், முப்பத்தோரு வருஷப் பழக்கம். வாங்கின ஆளும் விற்ற ஆளும் ஒரே ஆள்தான், பெயர் மட்டும் நடுவில் எங்கேயோ உதிர்ந்துவிட்டது. அந்த நீதிபதி ஷ்மிட். கர்னல் ஓ'டூல். பீச் மரக்காரர் கொவால்ஸ்கி. அசல் பார்லோ ரத்தம் ஒரு சொட்டுகூட அந்தச் சுவரில் தொங்கவில்லை. கடைசிப் பத்திரம் போன வருஷத்தது, எழுதி வாங்கியவர் கௌசிக் வெங்கடகிருஷ்ணன். அதைப் பார்த்துவிட்டு நான் ஐபேடை மூடிக் கவிழ்த்து வைத்தேன்.

இதை மெதுவாகக் கௌசிக்கிடம் சொல்ல வேண்டும் என்று போனால், அவன் மேஜை மேல் கோர்ட்டுப் பேப்பர். பெயர் மாற்ற மனு. கௌசிக், அதிதி, தாரிகா மூன்று பேரும் இனிமேல் பார்லோ. நவம்பர் ஆறாம் தேதி ஹியரிங்.

"என்னடா இது? நான் என்னடா குத்தம் பண்ணினேன்?"

"அப்பா, ப்ளீஸ், டிராமா பண்ணாதேங்கோ. டொரண்டோலேர்ந்து திரும்பறச்சே என்ன ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியுமோல்லியோ? மூணு பேருக்கும் மூணு லாஸ்ட் நேம். இந்தக் குழந்தை யாரோடதுன்னு கேட்டு பார்டர்ல ஒன் அவர் உக்காத்தி வெச்சா. அவா மரியாதையாத்தான் கேட்டா. தாரிகாதான் அழுதுட்டா."

"அதுக்கு எல்லாரும் வெங்கடகிருஷ்ணன்னு வெச்சுக்கக் கூடாதோ?"

"வெச்சுக்கலாம். ஏன் அச்சுதன்னு வெச்சுக்கக் கூடாதுன்னு அதிதி கேக்கறா. நான் என்ன பதில் சொல்றது?"

அதாவது எனக்கும் சம்பந்திக்கும் சண்டை வராமலிருக்க, சம்பந்தமே இல்லாத மூன்றாவது ஆளைக் கொண்டுவந்து உட்கார்த்தி வைக்கிறான். அதிதி நல்ல பெண், அன்று ராத்திரி சாப்பிடும்போது "அங்கிள், நத்திங் சேஞ்சஸ், ஆத்துல நாம நாமதான்" என்று எனக்கு ரசம் விட்டாள். நான் பத்திரங்களைப் பற்றிச் சொன்னேன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்பா, நீங்கள் தினமும் வாக்கிங் போங்கள் என்றான் கௌசிக்.

போனேன், அதுதான் தப்பாகப் போயிற்று. இடுகாடு வழியாகத்தான் குளத்துக்குப் பாதை. இங்கே ஒரு வழக்கம் இருக்கிறது, கேட்டால் உனக்குத் தூக்கிவாரிப் போடும். புருஷன் போனால் கல்லில் மேலே குடும்பப் பெயரைப் பெரிதாகச் செதுக்கி, இடது பக்கம் அவர் பெயரை வருஷங்களோடு போட்டு, வலது பக்கம் உயிரோடு இருக்கிற பெண்டாட்டி பெயரையும் இப்போதே செதுக்கிவிடுகிறார்கள். பிறந்த வருஷம், ஒரு சின்னக் கோடு, அப்புறம் வெறும் கல். அந்தம்மாள் ஞாயிற்றுக்கிழமை வந்து பூ வைத்துவிட்டு, தன் கோட்டையும் ஒரு தடவை துடைத்துவிட்டுப் போகிறாள். குளத்தைச் சுற்றி, போனவர்கள் ஞாபகமாகப் பணம் கட்டிப் போட்ட இருபத்தொரு பெஞ்சுகள், ஒவ்வொன்றிலும் பித்தளைத் தகட்டில் ஒரு பார்லோ குடும்பம். நான் தினமும் எல்லாவற்றையும் படித்துக்கொண்டே சுற்றுவேன், எழுத்துப் பிழை பார்க்கிற புத்தி போகாது. போன வியாழக்கிழமை இருபத்திரண்டாவதாக ஒரு புது பெஞ்ச் இருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தேன். மேலே பெரிதாக பார்லோ. கீழே இடது பக்கம், ராஜலக்ஷ்மி, 1956 – 2022.

அதிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் பெயர் மேல் உட்கார்ந்திருக்கிறோம் என்று உறைத்ததும் எழுந்து நின்றேன். உன் அக்கா அமெரிக்காவுக்கு வந்ததேயில்லை, மணியா. பாஸ்போர்ட்டே எடுத்துக்கொள்ளாதவள். "நீங்க போயிட்டு வாங்கோ, நான் கேஸ் சிலிண்டர் புக் பண்ணிட்டு இங்கேயே இருக்கேன்" என்று ஒவ்வொரு தடவையும் சொன்னவள். எனக்கு முன்னால் வந்து, குளத்தங்கரையில் இடம் பிடித்து, வேறு ஒரு குடும்பத்தில் சேர்ந்து உட்கார்ந்திருக்கிறாள். தகட்டின் வலது பக்கம் காலியாக இருந்தது. பளபளவென்று தேய்த்து வைத்திருந்தார்கள். அதில் என் முகம் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து கத்தினேன். கௌசிக் எழுந்து வந்தான். "அம்மா பேர்ல பெஞ்ச் போட்டு, திதிக்கு உங்களுக்கு சர்ப்ரைஸா காட்டலாம்னு இருந்தேம்ப்பா. ஆனா அந்தப் பேரை நான் போடலை. சத்தியமா போடலை. என்ன எழுதறதுன்னு தெரியாம டவுன் ஆபீஸ் பாரத்துல லாஸ்ட் நேம் கட்டத்தைக் காலியாத்தான் விட்டேன்" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. காலியாக விட்டிருக்கிறான், அது தானாக நிரம்பியிருக்கிறது.

இப்போது நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். உன் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்டவன் அவன். தாய்மாமன் சொல்லைத் தட்டமாட்டான். கடிதம் கிடைத்தவுடன் போன் பண்ணி, நவம்பர் ஆறுக்குள் அந்த மனுவை வாபஸ் வாங்கச் சொல். உங்கப்பாவுக்கு ஊரில் வீடு இல்லை, நிலம் இல்லை, அவர் கொடுத்தது என்று உன்னிடம் இருப்பது அந்தப் பெயர் ஒன்றுதான், அதைக் கழற்றி வைக்காதே என்று சொல். நான் சொன்னதாகச் சொல்லாதே. என் முகத்தைப் பார்த்து அவன் ஒரு தடவை முடியாது என்று சொல்லிவிட்டால், அப்புறம் என்னால் இந்த வீட்டில் சாப்பிட முடியாது. எனக்குப் பயமாக இருக்கிறது, மணியா. சாவதற்கு இல்லை. போன பிறகு, வெங்கடகிருஷ்ணன் என்று ஒருத்தன் எழுதி வாங்கிய இடமே எங்கும் இல்லாமல் போவதற்கு.

பர்வதத்துக்கு என் ஆசீர்வாதம். அவள் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் விடாமல் கொடுக்கவும். உங்கள் இரண்டு பேருக்கும் தீர்க்காயுசும், வாசல் பலகையில் உங்கள் சொந்தப் பெயரும் நிலைத்திருக்க வேண்டும் என்று பகவானை வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அத்திம்பேர்,
ப. வெங்கடகிருஷ்ணன்

பின்குறிப்பு: கௌசிக்குக்குப் போன் பண்ண வேண்டாம். மேலே உள்ளதைத் தபாலில் போடப் போகிற வழியில், அந்தத் தகட்டைத் திருத்திவிட்டுப் போகலாம் என்று டவுன் ஆபீசில் ஏறினேன். அங்கே இருந்த பெண் ரொம்ப மரியாதையாகப் பேசினாள். தாராளமாக மாற்றலாம் என்றாள். ராஜலக்ஷ்மி வெங்கடகிருஷ்ணன் என்றே போடலாம். ஆனால் ஒரு பெஞ்சுக்கு ஒரு குடும்பப் பெயர்தான் விதி. நான் பஞ்சாபகேசன் ஆயிற்றே, அதனால் என் பெயர் அந்தத் தகட்டில் வராது, குளத்துக்கு அந்தப் பக்கம் வேறு பெஞ்ச் காலியாகும்போது பார்க்கலாம் என்றாள். ராஜலக்ஷ்மி உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டாள். நாற்பத்துநாலு வருஷம், மணியா. ரேஷன் கார்டில் ஒன்றாக இருந்தோம், வோட்டர் லிஸ்டில் ஒன்றாக இருந்தோம். இவர்கள் கணக்கில் ஒரே குடும்பம் இல்லை. ஜன்னல் வழியாகக் குளம் தெரிந்தது. பிறகு, மேலே இருக்கிற பெயர் இருக்கட்டும், அவள் பக்கத்தில் காலியாக இருக்கிற இடத்தில் என் பெயரை மட்டும் போட்டுவிடுங்கள் என்றேன். அப்பா பெயர் வேண்டாம், என் சொந்தப் பெயர். அளவு பார்த்தாள், சரியாகக் கொள்ளுமாம். இந்தத் தேசத்துக்கு வந்து முதல் தடவையாக என் பெயர் ஒரு கட்டத்துக்குள் அடங்கியிருக்கிறது. எனக்குக்கூடக் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன் என்று வாயைத் திறந்தேன். வேண்டாம், ஃபைலில் ஏற்கனவே இருக்கிறது என்று திரையை என் பக்கம் திருப்பினாள். பெயர் ஓர் எழுத்துப் பிசகாமல் இருந்தது. பக்கத்தில் 1951, ஒரு கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கமும் நாலு இலக்கம் இருந்த மாதிரி இருந்தது. கண்ணாடி எடுத்துப் போகவில்லை, சரியாகத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. நீ பதில் மட்டும் கொஞ்சம் சீக்கிரமாக எழுது. உறை மேல் வி. பார்லோ என்று போடு, அப்படிப் போட்டால்தான் வந்து சேரும்.